கூடைப்பந்தும் இயற்பியலும்

“ஐயா, நான் குட்டையாக இருக்கிறேன். நான் எறியும் பந்து கூடைக்குள் விழுவதே இல்லை. உயரமானவர்களே விளையாடட்டும், நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.”

புறப்பாட நடவடிக்கையின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் இவ்வாறு கூறினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவள் எறிவதைச் சிறிது நேரம் நின்று கவனித்தேன். பந்து கூடையை நோக்கி நேர்கோட்டில் விரைந்து சென்று, வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பியது. பத்து முறை எறிந்தாள். பத்து முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. அவளிடம் வலிமை இருந்தது, முயற்சியும் இருந்தது. பந்து செல்லும் வழியைப் பற்றிய அறிவு மட்டுமே இல்லை. அவ்வறிவைத் தருவது இயற்பியல் என்னும் அறிவியல் துறையாகும்.

மாணவச் செல்வங்களே! இயற்பியல் என்றதும், அது பெரிய வகுப்பு மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் பயிலும் பாடம் என்று எண்ணிவிடாதீர்கள். அறிவியல் பாடத்தில், தள்ளுதலும் இழுத்தலும் விசை என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள் அன்றோ? அந்த விசைதான் நம் பள்ளித் திடலிலும் ஒவ்வொரு நாளும் பந்தோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. அது விளையாடும் முறையினை இக்கட்டுரையில் காண்போம்.

கூடைப்பந்து பிறந்த கதை

கனடா நாட்டில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இவ்விளையாட்டை உருவாக்கினார். கடுங்குளிர்காலத்தில் மாணவர்கள் வெளியில் சென்று விளையாட இயலவில்லை. ஆகவே, உள்ளரங்கிலேயே ஆடத்தக்க ஒரு விளையாட்டை அவர் சிந்தித்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை, தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அரங்கின் இரு புறமும் இருந்த மாடத்தில் ஆணியடித்துப் பொருத்தினார். காற்பந்தையே எறிபந்தாகக் கொண்டார். 13 விதிகளை வகுத்தார். அக்கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தமையால், பந்து உள்ளே விழும்போதெல்லாம் யாரேனும் அதனை வெளியே எடுத்துத் தரவேண்டியிருந்தது!

பின்னர்க் கூடை போய் இரும்பு வளையம் வந்தது. அதில் அடிப்பாகம் இல்லாத வலை தொங்கியது. ஆயினும் அந்த 10 அடி உயரம் மட்டும் மாறவில்லை. இன்றும் பெரியவர்கள் ஆடும் வளையம் 3.05 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. சிறுவர்களுக்கான சிறு கூடைப்பந்து ஆட்டத்தில் வளையம் 2.6 மீட்டர் உயரத்தில் அமைக்கப்படுகிறது. நம் பள்ளிகளில் மாணவிகள் விரும்பி ஆடும் வலைப்பந்து, இதே கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் கிளைத்த விளையாட்டேயாகும்.

பந்து துள்ளுவது ஏன்?

பந்தைத் தரையில் தட்டுகிறோம். அது தரையில் மோதும் கணத்தில் சற்றே நசுங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று மேலும் நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்றும் இழுபட்ட தோலும் தம் பழைய நிலையை அடைய முயல்கின்றன. இப்பண்பினை மீள்தன்மை என்பர். அப்போது பந்து தரையைத் தள்ளுகிறது. தரையும் பந்தைத் திரும்பத் தள்ளுகிறது. “ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு” என்பது ஐசக் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் விதியின் பொருள். தரை தரும் அந்த எதிர்விசையே பந்தை மேலே எழுப்புகிறது.

ஆனால், பந்து விழுந்த உயரத்திற்கே மீண்டும் எழுவதில்லை. நன்கு காற்றடைத்த கூடைப்பந்தினை 180 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திற்கே அது எழும். அப்படியானால் எஞ்சிய ஆற்றல் எங்கே சென்றது? பந்து தரையில் மோதும்போது ‘தொப்’ என்னும் ஒலி எழுகிறது அல்லவா? ஒரு சிறு பகுதி அவ்வொலியாயிற்று. பெரும்பகுதி வெப்பமாகிப் பந்திலும் தரையிலும் கலந்துவிட்டது. ஆற்றல் அழிவதில்லை; வடிவம் மட்டுமே மாறுகிறது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் ஆட்டக்காரர், இவ்வாறு குறைந்த ஆற்றலை ஒவ்வொரு தட்டலிலும் தம் கையால் ஈடு செய்கிறார். காற்றுக் குறைந்த பந்து மிகுதியாக நசுங்கி, மிகுதியான ஆற்றலை வெப்பமாக இழக்கும். ஆகையால் அது சோர்ந்து எழும்.

இதில் குட்டையானவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. தாழ்வாகத் தட்டும் பந்து விரைவில் கைக்குத் திரும்புகிறது. அது கையை விட்டு நீங்கியிருக்கும் நேரம் குறைவாதலால், எதிரணியினர் பறிப்பது கடினம். மேலும், உடலின் எடை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். அம்மையம் தாழ்வாக இருப்பவர் எளிதில் தடுமாறி விழுவதில்லை. தடுப்பாட்டக்காரர்கள் முழங்காலை மடக்கிக் கால்களை அகற்றி நிற்பதும் இதனாலேதான். அமெரிக்காவின் தலைசிறந்த கூடைப்பந்துச் சங்கப் போட்டிகளில் 1987 முதல் 2001 வரை ஆடிய மக்ஸி போக்ஸ் என்பவரின் உயரம் 160 சென்டிமீட்டர் மட்டுமே! தம்மைவிட அரை மீட்டர் உயர்ந்தவர்களின் இடையே அவர் புகுந்து புறப்பட்டு, அவர்களின் பந்தைத் தட்டிப் பறித்தார்.

ஓடுதலும் நிற்றலும் பிடித்தலும்

பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னோக்கிச் சாய்கிறோம். இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்கவே முற்படும். ஓய்ந்திருக்கும் பொருள் ஓய்ந்திருக்கவே முற்படும். இப்பண்பு நிலைமம் எனப்படும். விரைந்து ஓடிவரும் ஆட்டக்காரர் சட்டென நிற்க வேண்டுமாயின், அவர் உடலின் நிலைமத்தை ஒரு விசை தடுக்க வேண்டும். அவ்விசை, காலணிக்கும் தரைக்கும் இடையே தோன்றும் உராய்வு ஆகும். மழை பெய்து ஓய்ந்த சிமெண்டுத் தரையில் நீர்ப்படலம் இந்த உராய்வைக் குறைத்துவிடுகிறது. ஈரத்தரையில் விளையாடலாகாது என்று ஆசிரியர்கள் தடுப்பது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கன்று. உங்கள் எலும்புகளைக் காப்பதற்கே.

பந்தைப் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நண்பன் எறியும் கோழி முட்டையை உடையாமல் பிடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கைகளை முன்னே நீட்டி, முட்டை வந்து தொட்டதும் கைகளைப் பின்னே இழுத்துக்கொள்வீர்கள். இதனால், முட்டை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மிகுகிறது. அந்நேரம் இரு மடங்கானால் கையைத் தாக்கும் விசை பாதியாகக் குறைகிறது. ஏறத்தாழ 600 கிராம் நிறையுள்ள கூடைப்பந்தையும் இவ்வாறே பிடித்தல் வேண்டும். விறைத்த விரல்களோடு பந்தை எதிர்கொள்பவர்களுக்கே விரல் சுளுக்கிக்கொள்கிறது.

காற்றில் மிதக்க முடியுமா?

சிறந்த ஆட்டக்காரர்கள் தாவும்போது, அவர்கள் வானில் சிறிது நேரம் மிதப்பதுபோல் தோன்றும். உண்மையில் எவரும் மிதப்பதில்லை. காலால் தரையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். தரை நம்மை மேல்நோக்கித் தள்ளுகிறது. கால் தரையை விட்டு நீங்கியபின் நம்மைத் தள்ளுவார் ஒருவருமில்லை. புவியீர்ப்பு விசை மட்டுமே நம்மைக் கீழே இழுக்கிறது.

30 சென்டிமீட்டர் உயரம் தாவும் மாணவன் ஏறத்தாழ அரை விநாடி நேரமே காற்றில் இருப்பான். 60 சென்டிமீட்டர் தாவுபவர் ஏறத்தாழ 0.7 விநாடி இருப்பார். முழுமையாக ஒரு விநாடி காற்றில் நிற்க வேண்டுமாயின், 120 சென்டிமீட்டருக்கும் மேல் எழும்ப வேண்டும். புகழ்பெற்ற வீரர்களுக்கும் அது அரிது.

பின் ஏன் மிதப்பதுபோல் தோன்றுகிறது? மேலே செல்லச் செல்ல வேகம் குறைகிறது. உச்சியில் அது ஒரு கணம் இல்லாமற்போகிறது. பிறகு மெல்ல மெல்ல வேகம் கூடுகிறது. ஆதலால், தாவும் நேரத்தில் பத்தில் ஏழு பங்கு, உயரத்தின் மேற்பாதியிலேயே கழிகிறது. நம் கண் அதனை மிதத்தல் என்று எண்ணி ஏமாறுகிறது.

வளைந்து செல்லும் வழியே சிறந்த வழி

இனி, நம் மாணவியின் சிக்கலுக்கு வருவோம். அவளுடைய பந்து ஏன் கூடைக்குள் விழவில்லை?

வீட்டிற்குச் சென்றதும் அம்மாவின் வளையல் ஒன்றை வாங்கிப் பாருங்கள். அதனைத் தரைக்குச் சமமாகப் பிடித்துக்கொண்டு, நேர் மேலிருந்து நோக்குங்கள். முழு வட்டம் தெரியும். பிறகு, தலையை மெல்லத் தாழ்த்திக்கொண்டே நோக்குங்கள். வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். இன்னும் தாழ்த்தினால் மெல்லிய கீற்றாகும். வளையலின் மட்டத்திற்கே கண்ணைக் கொண்டுவந்தால் ஒரு கோடாகிவிடும். வளையல் மாறவில்லை, பார்க்கும் கோணமே மாறியது. பறந்து வரும் பந்திற்கும் கூடையின் வாய் இவ்வாறுதான் அமைகிறது.

கூடை வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். பெரியவர்கள் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். இரண்டு பந்துகள் அருகருகே நுழைய 3 சென்டிமீட்டர் மட்டுமே குறைவு! ஆனால் இந்த அகன்ற வாய், நேர் மேலிருந்து விழும் பந்திற்கே முழுமையாகத் திறந்திருக்கிறது. 45 பாகைச் சாய்வில் வரும் பந்திற்கு அவ்வாயின் அகலம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டராகக் குறைகிறது. 30 பாகைச் சாய்வில் வரும் பந்திற்கோ 22.5 சென்டிமீட்டர்தான். 24 சென்டிமீட்டர் பந்து 22.5 சென்டிமீட்டர் வாயினுள் எவ்வாறு நுழையும்? விளிம்பில் மோதாமல் அது நுழைய வழியே இல்லை. ஆகவே, தட்டையாக எறிபவர் எவ்வளவு குறிபார்த்து எறிந்தாலும், பந்து விளிம்பில் இடறவே செய்யும். நம் மாணவி பத்து முறையும் தவறியதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் பந்தை உயர்த்தி எறிய வேண்டும். கையை விட்டு நீங்கிய பந்து வானில் ஒரு வளைந்த வழியில் செல்கிறது. அவ்வழி பரவளைவு என்னும் வடிவில் அமையும் என்பதனை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் நிறுவினார். பந்து ஒரே வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. அதே வேளையில் புவியீர்ப்பு விசை அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே அந்த அழகிய வளைவை வரைகின்றன.

எவ்வளவு உயர்த்தி எறிவது? மிகவும் தாழ்த்தி எறிந்தால் கூடையின் வாய் குறுகிவிடும். வானத்தை நோக்கி எறிந்தாலோ மிகுந்த வலிமை வேண்டும், குறியும் தவறும். கணக்கிட்டுப் பார்த்தால், தரையிலிருந்து 50 முதல் 60 பாகை வரையிலான சாய்வே ஏற்றது என்பது விளங்கும். உயரமானவர் 50 பாகையை ஒட்டி எறியலாம். குட்டையானவரின் கைக்கும் கூடைக்கும் இடையே உள்ள உயரம் மிகுதியாதலால், அவர் 60 பாகையை ஒட்டி எறிவது நலம். “அவ்வளவு உயர்த்தி எறிய என் கையில் வலிமை இல்லையே!” என்று அஞ்ச வேண்டா. 55 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்துவதற்குப் பந்தின் வேகத்தை நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூட்டினாலே போதும். அந்தச் சிறு கூடுதலுக்குக் கிடைக்கும் பயனோ பெரிது; கூடையின் வாய் பந்திற்கு முன்னைவிட நன்கு அகன்று நிற்கும்.

மற்றுமொன்று. எறியும் வலிமை கைகளிலிருந்து மட்டும் வருவதன்று. முழங்காலை மடக்கி நிமிரும்போது தரை தரும் எதிர்விசை, கால்களின் வழியே உடலில் ஏறித் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் அடைந்து, விரல் நுனியில் பந்தைச் சேர்கிறது. கால்களை மடக்காமல் கையால் மட்டும் எறிபவர் தம் வலிமையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்.

சுழற்சியின் வியப்பு

தேர்ந்த ஆட்டக்காரர் எறியும் பந்தினை உற்றுநோக்குங்கள். அது முன்னோக்கிச் சென்றாலும், எறிந்தவரை நோக்கிப் பின்புறமாகச் சுழன்றுகொண்டிருக்கும். விரல் நுனிகள் பந்தின் அடிப்புறத்தை இறுதியாகத் தடவி விடுவதால் இச்சுழற்சி உண்டாகிறது. இதனைப் பின்சுழற்சி எனலாம். இவ்வாறு சுழலும் பந்து வளையத்தின் மேல் விழுந்தால், உராய்வு அதன் முன்னோட்டத்தைத் தடுக்கிறது. பந்து துள்ளி வெளியே ஓடாமல், வளையத்தின் மேலேயே தயங்கி உள்ளே விழும் வாய்ப்பு மிகுகிறது. பின்பலகையில் மோதினாலும் அப்படித்தான். பலகையைத் தொடும் பக்கம் மேல்நோக்கிச் சுழல்வதால், உராய்வு பந்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. கூடையோ கீழேதான் காத்திருக்கிறது!

வலைப்பந்து ஆடும் மாணவிகள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்விளையாட்டில் பின்பலகை இல்லை. வளையத்தின் விட்டமும் 38 சென்டிமீட்டர்தான். ஆகவே, பந்தை உயர்த்தி மென்மையாக எறிதல் அங்கு இன்னும் இன்றியமையாததாகும்.

நாணத்தால் இழந்த வெற்றி

எதிரணியினர் பிழை செய்தால், ஆட்டக்காரர் ஒரு கோட்டின் பின் நின்று, எவரும் தடுக்காமல் கூடைக்குப் பந்தை எறியும் வாய்ப்பினைப் பெறுவார். இதனைத் தனி எறி என்போம். வில்ட் சேம்பர்லின் என்னும் அமெரிக்க வீரர் 216 சென்டிமீட்டர் உயரமுடையவர், ஒப்பற்ற வலிமையாளர். ஆனால் தனி எறியில் அவர் மிகவும் பின்தங்கியவர். தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் ஏறத்தாழப் பாதித் தனி எறிகளை அவர் தவறவிட்டார்.

ஒரு பருவத்தில் மட்டும் அவர் வேறு முறையைக் கையாண்டார். இரு கைகளாலும் பந்தைப் பிடித்து, முழங்கால்களுக்கு இடையிலிருந்து கீழ்க்கையாக வீசினார். இரு கைகளும் ஒன்றுபோல் இயங்குவதால் பந்து இடமோ வலமோ எளிதில் விலகாது. அது நல்ல பின்சுழற்சியோடு எழுந்து, மென்மையாக இறங்கும். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில் அவர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றார். அறுபது ஆண்டுகள் கடந்தபின்னும் அச்சாதனை முறியடிக்கப்படவில்லை. அன்று அவர் எறிந்த 32 தனி எறிகளில் 28 கூடைக்குள் விழுந்தன!

அத்தகைய முறையை அவர் தொடர்ந்து கையாண்டாரா? இல்லை, கைவிட்டுவிட்டார். அவ்வாறு எறிவது ஆண்மைக்கு இழுக்கெனப் பிறர் நகைப்பார்களே என்று நாணினார். அது தவறான முடிவு என்பதனைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். அதே முறையை நகைப்புக்கு அஞ்சாமல் இறுதிவரை பின்பற்றிய ரிக் பேரி என்னும் வீரர், நூறு தனி எறிகளுக்கு ஏறத்தாழ 90 வீதம் கூடைக்குள் செலுத்தினார். அறிவு காட்டிய வழியை ஒருவர் நாணத்தால் விட்டார். மற்றவர் துணிவோடு பற்றிக்கொண்டார்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! புவியீர்ப்பு விசைக்கு உயரமானவர் என்றும் குட்டையானவர் என்றும் வேறுபாடு இல்லை. எறிந்தவர் யார் என்பதும் வளையத்திற்குத் தெரியாது. எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் பந்து வருகிறது என்பது ஒன்றே அதற்குக் கணக்கு. உயரம் நன்மை தருவது உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் உயரத்தை நாம் கூட்டிக்கொள்ள இயலாது. எறியும் கோணத்தை மாற்றிக்கொள்ள இயலும். மாற்ற இயலாததை எண்ணி வருந்துவதைவிட, மாற்ற இயன்றதைக் கற்றுப் பழகுவதே அறிவுடைமை.

அந்த மாணவிக்கும் நான் வளையலைக் காட்டித்தான் விளக்கினேன். முழங்காலை மடக்கி, பந்தைத் தலைக்கு மேல் உயர்த்தி, கம்பத்தைவிட உயரமான ஒரு மதிலைத் தாண்டுவதுபோல் எறியச் சொன்னேன். முதல் நாள் ஒரு பந்தும் விழவில்லை. ஆனால், பந்து முன்விளிம்பில் மோதித் திரும்புவது நின்றது. மூன்றாம் வாரத்தில் பத்து எறிகளில் நான்கு கூடைக்குள் விழுந்தன. இப்போது அவள் திடலின் ஓரத்தில் உட்காருவதில்லை. புதிதாக வரும் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வளையலைக் காட்டி விளக்குபவள் அவளே.

நீங்களும் அடுத்த முறை திடலுக்குச் செல்லும்போது, பந்தைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். பிறகு எறியுங்கள். தவறினால், ஏன் தவறியது என்று கேளுங்கள். அந்த வினாவிலிருந்துதான் விளையாட்டும் வளரும், அறிவியலும் வளரும்.